“எனக்கு ஒன்றுமில்லை” என்று சொல்லும் தாய்மாருக்கு



ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போது, உங்களில் ஒருவரைப் பார்த்து, “சுகமாயிருக்கிறீர்களா அம்மா?” என்று கேட்டால் என்ன பதில் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். “எனக்கென்ன, ஒன்றுமில்லை. இவருக்குத்தான் சர்க்கரை கூடியிருக்கிறது. பெரியவனுக்குப் பரீட்சை. அத்தைக்கு முழங்கால் வலி தாங்கவில்லை.” வீட்டிலுள்ள எல்லாருடைய நோவும் வரிசையாய் வந்துவிடும், பேசுகிற தாயாரின் நோவு மட்டும் அந்த வரிசையில் வராது. கோவில் படி நாலு ஏறுவதற்குள் மூச்சு வாங்கினாலும் ஒன்றுமில்லை. இரவில் சரியாய்த் தூங்கி ஒரு மாதமானாலும் ஒன்றுமில்லை.

இந்த “ஒன்றுமில்லை” என்ற சொல்லைப் பற்றியே இவ்வாரம் பேசுவோம். அது பொறுமையின் சொல் என்று நாம் எண்ணியிருக்கிறோம். பல சமயங்களில் அது உண்மைதான். ஆனால் சில சமயங்களில் அது மறைப்பு. அந்த மறைப்புக்கு ஒரு குடும்பம் முழுவதும் விலை கொடுக்க வேண்டியதாகிறது.

சேசுநாதர் வழியில் நின்ற காரியம்

அர்ச். மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் 5-ம் அதிகாரத்தை இன்று வீட்டில் எடுத்து வாசியுங்கள். பன்னிரண்டு வருஷமாய் இரத்தப் போக்கினால் வருந்திய ஒரு ஸ்திரீயை அங்கே காண்கிறோம். வைத்தியர் பலரிடம் போனாள், கையிலிருந்ததையெல்லாம் செலவழித்தாள், நோயோ கூடிற்றேயன்றிக் குறையவில்லை. அக்காலத்து யூத முறைப்படி அந்த நோய் தீட்டு. ஆகையால் எவரிடமும் வாய்திறந்து சொல்ல முடியாமல், கூட்டத்தோடு கூட்டமாய்ப் பின்னால் வந்து, நம் ஆண்டவருடைய ஆடையைத் தொட்டாள். தொட்டவுடனே குணமானாள்.

அவள் நினைத்திருந்தால் அப்படியே மறைந்து போயிருக்கலாம். ஆனால் சேசுநாதர் நின்றுவிட்டார். சாகக்கிடந்த ஒரு சிறுமியைக் காணப் போகிற அவசரத்திலும் நின்று, தம்மைத் தொட்டது யார் என்று கேட்டார். அவள் நடுநடுங்கி முன்னால் வந்து உண்மை முழுவதையும் சொன்னாள். அவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. மகளே என்று அழைத்துச் சமாதானத்தோடு அனுப்பினார். பன்னிரண்டு வருஷமாய் வெட்கத்தினால் மூடிவைத்திருந்த நோவை அவள் வாயால் சொல்லக் கேட்டபின்தான் அவர் வழிநடந்தார்.

அதே அதிகாரத்தின் கடைசியை மறந்துவிடாதேயுங்கள். இறந்த சிறுமியை உயிர்ப்பித்த பின், அவளுக்குச் சாப்பிட ஏதாகிலும் கொடுக்கும்படி கட்டளையிட்டார். மரணத்தை வென்றவர் ஒரு பெண்பிள்ளையின் பசியையும் கவனித்தார். உங்கள் பசியும் உங்கள் நோவும் அவருக்கு அற்பமான காரியங்களல்ல.

ஒரு லேஸ்காரத் தாயார்

அர்ச். குழந்தை சேசுவின் தெரேசம்மாளை அறியாத கத்தோலிக்க வீடு நம்மிடையே அநேகமாய் இல்லை. ரோஜாப் பூக்களோடு நிற்கும் அந்தக் கன்னியாஸ்திரீயின் படம் எத்தனையோ சுவர்களில் தொங்குகிறது. ஆனால் அவளைப் பெற்ற தாயாரை நாம் எவ்வளவு அறிவோம்?

அவர் பெயர் செலி. 1831-ம் வருஷம் பிறந்தவர். பிரான்ஸ் தேசத்தில் அலென்சோன் என்னும் நகரத்தில், ஊசியும் நூலும் கொண்டு லேஸ் பின்னும் தொழில் செய்தார். அந்த ஊர் லேஸ் உலகப் பெயர் பெற்றது. 2010-ம் வருஷம் யுனெஸ்கோ தன் பாரம்பரியக் கலைகளின் பட்டியலில் அதைச் சேர்த்திருக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டர் பின்னுவதற்கு ஏழு மணி நேரம் பிடிக்கும் என்றால், அதில் கண்ணுக்கும் முதுகுக்கும் உள்ள பிரயாசையை நீங்களே எண்ணிப் பாருங்கள். செலியம்மாள் சொந்தமாய் அத்தொழிலை நடத்தி, பல பெண்களுக்கு வேலை கொடுத்து, கணக்கும் பார்த்தார்.

1858-ம் வருஷம் லூயி மார்ட்டின் என்னும் கடிகாரத் தொழிலாளரை மணந்தார். ஒன்பது பிள்ளைகள் பிறந்தார்கள். 1867-க்கும் 1870-க்கும் நடுவே, நாலு வருஷத்திற்குள், நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்தார். ஐந்து வயதான எலேன் என்னும் சிறுமி அவர்களில் ஒருத்தி. பிழைத்தவர்கள் ஐந்து பெண்கள். கடைக்குட்டிதான் 1873-ம் வருஷம் பிறந்த தெரேஸ்.

இந்தத் தாயார் உறவினருக்கும் பிள்ளைகளுக்கும் எழுதிய கடிதங்களில் இருநூறுக்கு மேற்பட்டவை இன்றும் இருக்கின்றன. அவற்றில் நீங்கள் கண்டு தேறுதலடையும்படியான ஒரு காரியம் உண்டு. அர்ச்சியசிஷ்டவராகிய இவர், தாம் களைத்துப் போனதை மறைக்கவேயில்லை. வேலை நெருக்குகிறது, இரவில் தூக்கமில்லை, இந்த லேஸ் தம் வாழ்நாளைக் கடினமாக்குகிறது என்று வெளிப்படையாய் எழுதினார். விடியற்காலைப் பூசைக்குப் போகிறவர்தான், செபமாலை சொல்லுகிறவர்தான், ஆயினும் அலுத்துக்கொண்டார். பரிசுத்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ம் வருஷம் அக்டோபர் 18-ம் நாள் இவரையும் இவர் கணவரையும் ஒன்றாய்ப் பீடத்திற்கு உயர்த்தியபோது, இந்தக் கடிதங்கள் அதற்குத் தடையாய் நிற்கவில்லை.

ஆகையால், தாய்மாரே, களைப்பு பாவமல்ல. “முடியவில்லை” என்று சொல்வது அவிசுவாசமுமல்ல.

களைப்புக்குக் காரணம் தேடுங்கள்

களைப்பு பாவமல்ல என்றாலும் அதை அப்படியே விட்டுவிடலாகாது. எடுத்ததற்கெல்லாம் மூச்சு வாங்குவது, நெஞ்சு படபடப்பது, தலை சுற்றுவது, கீழிமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருப்பது: இவை இரத்தசோகையின் அடையாளங்களாயிருக்கலாம். 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் தேசத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருந்தது; தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேருக்கு. அப்படியானால் பூசைக்கு வந்து பெண்கள் பக்கத்தில் முழந்தாளிடுகிறவர்களில் இரண்டு பேருக்கு ஒருவர் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

ஒரு சொட்டு இரத்தம் கொடுத்தால் ஹீமோகுளோபின் அளவு தெரிந்துவிடும். பிள்ளையுண்டாகாத பெண்ணுக்கு 12-க்குக் குறையலாகாது. கர்ப்பவதிக்கு 11-க்குக் குறையலாகாது. டாக்டர் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால் சொன்ன காலம் வரை சாப்பிடுங்கள். மலம் கறுப்பாய்ப் போகிறதென்று பயந்து அநேகர் நாலாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள்; அது மாத்திரையின் குணமேயன்றிக் கெடுதலல்ல. கீரையும் பயறும் கேழ்வரகும் தட்டில் இருக்கட்டும். எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டால் இரும்புச் சத்து நன்றாய் உடம்பில் சேரும். சாப்பாட்டுக்கு மேல் உடனே டீயும் காப்பியும் குடித்தால் அது சேராமல் தடுக்கப்படும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

மீன் குழம்பு வைத்த நாளில் தலையும் வாலும் சட்டியில் மிஞ்சினால்தான் அம்மாவுக்கு என்ற வழக்கம் எத்தனை வீடுகளில் இருக்கிறது! அதை அன்பு என்று பிள்ளைகள் கற்றுக்கொள்ளுகிறார்கள். பிற்பாடு உங்கள் மகளும் தன் வீட்டில் அப்படியே மிஞ்சினதைத் தின்று மெலிவாள். அவளுக்காகவாவது, எல்லாரோடும் உட்கார்ந்து, உங்கள் பங்கை முதலிலேயே எடுத்து வைத்துச் சாப்பிடுங்கள்.

மறைக்கக்கூடாத நோவு

செலியம்மாளின் சரித்திரத்தில் துக்கமான பாகத்திற்கு வருகிறோம். 1865-ம் வருஷத்திலேயே அவர் தம் மார்பில் ஒரு கட்டி இருப்பதைக் கண்டு, மருந்துக் கலை பயின்ற தம்பி இசிதோருக்கு எழுதி, அறுவை செய்யலாமா என்று கேட்டார். அக்காலத்தில் அறுவை வைத்தியத்திற்கே பயப்பட வேண்டியிருந்தது. கிருமிகளைக் கொல்லும் மருந்தோடு அறுவை செய்யும் முறையை லிஸ்டர் என்னும் வைத்தியர் வெளியிட்டதே 1867-ம் வருஷத்தில்தான். காரியம் அப்படியே நின்றது. அதன்பின் அவர் ஐந்து பிள்ளைகளைப் பெற்றார். நான்கு பிள்ளைகளை அடக்கம் செய்தார். லேஸ் வேலையையும் விடவில்லை.

1876-ம் வருஷக் கடைசியில் நோவு பொறுக்க முடியாமல் வைத்தியரிடம் போனபோது, அறுவைக்குக் காலம் கடந்துவிட்டது என்றார்கள். அடுத்த வருஷம் ஜூன் மாதம் மூத்த பெண்கள் மூவரோடு லூர்து மாதா கோவிலுக்குப் போய் மன்றாடினார். குணம் கிடைக்கவில்லை. 1877-ம் வருஷம் ஆகஸ்டு 28-ம் நாள், நாற்பத்தைந்தாம் வயதில் கண்ணை மூடினார். கடைக்குட்டி தெரேசுக்கு அப்போது நாலரை வயது. அந்தப் பிரிவு தன் சுபாவத்தையே மாற்றிற்று என்று அவள் பிற்காலத்தில் எழுதிவைத்தாள்.

செலியம்மாளைக் குறைசொல்ல நமக்கு நியாயமில்லை. அவர் கேட்டார், அக்காலத்து வைத்தியத்திடம் பதில் இல்லை. இன்று பதில் இருக்கிறது, நாம்தான் கேட்பதில்லை! மார்புப் புற்றுநோய் இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடத்தில் நிற்கிறது. ஆரம்பத்தில் கண்டால் பெரும்பாலும் குணப்படுத்தலாம். ஆனால் முதலில் வரும் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காததனால்தான் “ஒன்றுமில்லை” என்று விட்டுவிடுகிறோம்.

மாதம் ஒரு முறை, மாதவிலக்கு முடிந்த சில நாட்களில், குளிக்கும்போது விரல்களால் தடவிப் பாருங்கள். கட்டி தட்டுப்பட்டாலோ, தோல் குழிவிழுந்தாலோ, காம்பு உள்ளே இழுத்தாலோ, அதிலிருந்து நீரோ இரத்தமோ கசிந்தாலோ, அக்குளில் திரட்சி கண்டாலோ, அந்த வாரமே டாக்டரிடம் போங்கள். கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயல்ல. ஆகையால் பயந்து வீட்டிலிருக்க வேண்டாம், பயம் தெளியவே போங்கள். மாதவிலக்கு நின்றுபோன பின் இரத்தம் கண்டாலும் அப்படியே. 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு அரசாங்கச் சுகாதார நிலையங்களில் இரத்த அழுத்தம், சர்க்கரை, மார்பு, கர்ப்பப்பை வாய் ஆகிய சோதனைகளைக் காசில்லாமலே செய்கிறார்கள். வெட்கமாயிருந்தால் தங்கையையோ பக்கத்து வீட்டு அக்காளையோ கூட்டிக்கொண்டு போங்கள். போகிற இரண்டு பேருமே சோதித்துக்கொண்டு வரலாம்.

மனதுக்கும் நோவு உண்டு

பிள்ளைகளைப் பறிகொடுத்தபோது, அவர்கள் பிறவாமலே இருந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று ஆறுதல் சொல்ல வந்தவர்களும் உண்டு. அந்தப் பேச்சைச் செலியம்மாள் ஏற்றுக்கொள்ளவில்லை. தம் பிள்ளைகள் என்றென்றைக்கும் தொலைந்து போகவில்லை, மோட்சத்தில் அவர்களை மறுபடி காண்போம் என்பதே அவருடைய விசுவாசம். பிள்ளையை அடக்கம் செய்த தாயார் யாராவது இதை வாசிக்கிறீர்களானால், உங்கள் துக்கத்தை யாரும் சுருக்கிவிட வேண்டியதில்லை. அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அதன் பெயருக்குப் பூசை கேளுங்கள்.

துக்கம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. பிரசவமான சில நாட்களில் காரணமின்றி அழுகை வருவது சகஜம். அது தானே தெளியும். இரண்டு வாரத்திற்கு மேலும் தெளியாமல், பிள்ளையைப் பார்த்தாலும் மனம் பொங்காமல், உயிரோடிருப்பதே பாரமாய்த் தோன்றினால், அது விசுவாசக் குறைவல்ல, பிசாசின் சோதனை என்று பயப்படவும் வேண்டாம். வைத்தியம் உள்ள நோய். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் இரவானாலும் பகலானாலும் காசின்றி ஆலோசனை சொல்லுவார்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போகிற கால் டாக்டரிடமும் போகலாம். இரண்டு இடத்திலும் நம்மைக் குணப்படுத்துகிறவர் சர்வேசுரன் ஒருவரே.

அடங்காத பிள்ளையின் “ஒன்றுமில்லை”

மறைப்பு தாய்மாரிடம் மட்டுமல்ல, பிள்ளைகளிடமும் உண்டு. செலியம்மாளின் மூன்றாம் மகள் லெயோனி. நோஞ்சான் பிள்ளை; படிப்பு ஏறவில்லை; கன்னியர் பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் திருப்பி அனுப்பினார்கள்; வீட்டில் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. மற்ற பிள்ளைகள் எல்லாம் நல்லபடியிருக்க, இந்த ஒன்றை நினைத்துத் தாயார் உருகினார். செபித்தார், நயமாய்ச் சொன்னார், பலனில்லை.

தாம் இறந்துபோகிற அந்த 1877-ம் வருஷத்தில்தான் காரணம் தெரிந்தது. வீட்டு வேலைக்காரி தாயார் அறியாமல் அந்தப் பிள்ளையை மிரட்டி, தண்டித்து, தன் கைக்குள் அடக்கி வைத்திருந்தாள். பிள்ளை பயந்து வாய் திறக்கவில்லை. தெரிந்தவுடனே தாயார் லெயோனியைத் தம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் அந்தப் பிள்ளை தாயை விட்டு நகராத கன்றுக்குட்டியைப் போலாயிற்று. மீதியிருந்ததோ சில மாதங்கள்தான்.

பலனைத் தாயார் காணவில்லை. லெயோனி பெரியவளான பின் மடத்தில் சேர்ந்து மூன்று தடவை திரும்பி வந்தாள். நாலாம் தடவை, 1899-ம் வருஷம், கான் நகரத்து விசித்தேஷன் மடத்தில் நிலைத்தாள். 1941-ம் வருஷம் அங்கேயே மரித்தாள். அவளை முத்திப்பேறு பெற்றவளாக உயர்த்தும் விசாரணை 2015-ம் வருஷம் தொடங்கியிருக்கிறது.

உங்கள் வீட்டிலும் ஒரு லெயோனி இருக்கலாம். திடீரென்று பிள்ளை முரண்டு பிடித்தால், பள்ளிக்கூடம் போக மறுத்தால், ஒருவரைக் கண்டால் ஒளிந்துகொண்டால், பிரம்பைத் தேடுமுன் காரணத்தைத் தேடுங்கள். “என்னடா கண்ணு?” என்று கேட்டால் “ஒன்றுமில்லை” என்றுதான் முதலில் சொல்லுவான். அந்தச் சொல்லை அவன் யாரிடம் கற்றான்? நீங்கள் உங்கள் நோவைச் சொல்லப் பழகினால், அவனும் தன் பயத்தைச் சொல்லப் பழகுவான்.

செபத்திலும் அப்படியே

செபிக்க நேரமில்லை என்று மனம் நோகிறவர்கள் அநேகர். ஐம்பத்து மூன்று மணி செபமாலையும் சொல்ல முடியாத நாளில் ஒரு பத்து மணி சொல்லுங்கள். அதற்கும் முடியாத நாளில், பாத்திரம் கழுவுகையில், ஆண்டவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்: இடுப்பு வலிக்கிறது, கடன்காரன் வந்தான், மாமியாரோடு மனஸ்தாபம் என்று. எல்லாம் தெரிந்தவரிடம் போய் “எனக்கு ஒன்றுமில்லை” என்று சொல்லிக்கொண்டிருப்பது செபமல்ல.

தகப்பன்மாருக்கு ஒரு வார்த்தை

லூயி மார்ட்டின் 1870-ம் வருஷம் தம் கடிகாரத் தொழிலை வேறு கைக்கு மாற்றிவிட்டு, மனைவியின் லேஸ் தொழிலுக்குத் துணையாய் நின்றார். ஆண்பிள்ளைக்கு இது இழிவு என்று அவர் எண்ணவில்லை. உங்கள் மனைவி “ஒன்றுமில்லை” என்றால் அதை அப்படியே நம்பிவிட்டுப் பத்திரிகையை விரிக்காதேயுங்கள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஒரு நாள் லீவு போடுங்கள். அந்த நாளில் சோறு வடிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள், கை தேய்ந்துவிடாது.

இந்த வாரத் தீர்மானம்

1. ஒரு வேளையாவது குடும்பத்தோடு உட்கார்ந்து, சூடாய், முழுச் சாப்பாடு சாப்பிடுவேன்.

2. தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கும் ஒரு சோதனைக்கு நாள் குறித்து, அதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவைப்பேன்.

3. என் பிள்ளைகளில் அதிகமாய்த் திட்டு வாங்குகிற பிள்ளையோடு கால் மணி நேரம், திட்டாமல், பேசிக்கொண்டிருப்பேன்.

வீட்டில் பேசிப் பார்க்க

நம் அம்மா கடைசியாய் எப்போது டாக்டரிடம் தமக்காகப் போனார்? அம்மா படுத்துவிட்டால் இந்த வீட்டில் எந்தெந்த வேலையை யார் யார் செய்வோம்? இன்றைக்கே அதில் ஒன்றை ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது?

குடும்ப செபத்தின் முடிவில் பிள்ளைகள் இப்படிச் சொல்லட்டும்: “தேவமாதாவே, எங்கள் அம்மாவின் களைப்பை நீர் அறிவீர், நாங்களும் அறியும்படி எங்கள் கண்களைத் திறந்தருளும். ஆமென்.”

தாய்மார்களே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் உங்களைச் சுகம் விசாரித்தால், ஒரே ஒரு தடவை உள்ளதைச் சொல்லுங்கள். நாங்கள் நின்று கேட்போம்.